"பதினொன்றரைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க": ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியோடு பேசவும், கடிதம் எழுதவும், சான்றிதழ் வாங்கவும் துணைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. என் மகளுக்காக அலைந்தபோது கற்றுக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்தது. இங்கே எழுதுவது 2023-24 கல்வியாண்டில் நடந்தது. குடும்பத்தார் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே தருகிறேன். பெயர், பகுதி, பள்ளி எதையும் சொல்லவில்லை.

பையனுக்கு அப்போது 8 வயது. வடசென்னையில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி.யிலிருந்தே படித்தவன், மூன்றாம் வகுப்பு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை, அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். ஏழு வயதில்தான் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். நன்றாகப் பேசுவான், கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம். சத்தம் மட்டும் ஆகாது. சத்தம் தாங்க முடியாமல் போனால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான், யாராவது இழுத்தால் அடிப்பான்.

இரண்டாம் வகுப்பு வரைக்கும் பெரிய பிரச்சினை வரவில்லை. மூன்றாம் வகுப்பில் கட்டடம் மாறியது, டீச்சர் மாறினார், வகுப்பில் 42 பிள்ளைகள். ஜூலையிலிருந்து அம்மாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில், "தினமும் பதினொன்றரைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க, அதுக்கு மேல எங்களால சமாளிக்க முடியலை" என்று பள்ளி சொல்லிவிட்டது. வாய்மொழியாகத்தான். எந்தத் தாளிலும் இல்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: வகுப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஷாடோ டீச்சர் ஒருவரை நீங்களே சம்பளம் கொடுத்து வையுங்கள், மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு ஆள் கிடைக்கும் என்று. அந்த அம்மா தைத்துச் சம்பாதிப்பதைப் போல அது இரண்டு மடங்கு.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார்கள். "எங்கள் சொந்தக் காரணங்களால் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறோம், மாற்றுச் சான்றிதழ் வழங்கவும்." கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம். அப்பா அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "அவர் எழுந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன் மிஸ்" என்று அவள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தெரபி சென்டரில் இருந்த ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வீட்டுக்கு வந்தாள்.

கவனித்தது

வந்தவள் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள், 38. பள்ளியிலிருந்து போன் வர ஆரம்பித்ததும், கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றன்று நடந்ததை எழுதி வைத்திருக்கிறாள். தையல் அளவு குறிக்கிற அதே பென்சில். "10.50 போன். அடித்தான். கூட்டி வந்தேன். வீட்டில் 2 மணி வரை பேசவில்லை." "இன்று போன் இல்லை. தமிழ் டிக்டேஷன் 7/10." "காலையிலேயே வேண்டாம் என்றான். திங்கள்." எதற்காக எழுதினாய் என்று கேட்டேன். "தெரியலை அக்கா, யார்கிட்டயும் சொல்ல முடியலை, அதான் எழுதினேன்" என்றாள்.

முன்பக்கத்தில் தேதியும் கிழமையும் அச்சாகவே இருக்கிறதே! பல பெற்றோரிடம் "எப்போ நடந்துச்சு?" என்று கேட்டால் "அடிக்கடி", "போன மாசம்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. இவள் கையில் இருந்தது நாள்வாரிப் பதிவு.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தாள்களைக் கிழமைவாரியாக அடுக்கினோம். 38 நாளில் போன் வந்தது 21 நாள். அதில் 7 திங்கட்கிழமை, 8 வியாழக்கிழமை. மிச்சம் ஆறில் ஐந்து 10.50-ஐ ஒட்டி. திங்கட்கிழமை மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து மைதானத்தில் பிரேயர், ஒலிபெருக்கி உண்டு. வியாழக்கிழமை இரண்டாம் பீரியடில் இரண்டு செக்‌ஷனையும் ஒன்றாகக் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார வைப்பார்கள். 10.50 என்பது இன்டர்வெல் பெல். அந்த மின்சார மணி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க கிளாஸ் வாசலுக்கு மேலதான் அக்கா" என்றாள். பையன் உட்கார்ந்திருந்தது வாசலை ஒட்டிய பெஞ்ச், பிரச்சினை வந்தால் சீக்கிரம் வெளியே கொண்டுபோகலாம் என்று அங்கே போட்டிருக்கிறார்கள்.

பள்ளி சொன்னது "தினமும் முடியலை." தாள்கள் சொன்னது இரண்டு கிழமை, ஒரு மணி.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, அந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 16-இன்படி தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. ஆனால் பெற்றோரே விரும்பி நிறுத்தியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் வெளியேற்றினார்கள் என்றே சொல்ல முடியாமல் போய்விடும். தாளை நீட்டுவதன் அர்த்தமே அதுதான். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, அதனால் பள்ளி எந்த வகை என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இது அந்த வகைப் பள்ளி இல்லை.)

இரண்டாவது, உடனே புகாருக்குப் போவதா, முதலில் பேசுவதா? பேசுவது என்று தீர்மானித்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நம் பக்கம் இருந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அதன் 16-ஆம் பிரிவுக்குள் வருகின்றன, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது, அப்படிச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. இருந்தாலும் மறுநாள் காலையில் அதே டீச்சர் முன்னால் அந்தப் பையன்தான் போய் உட்கார வேண்டும். அதை மறந்துவிட்டு மனு எழுதக் கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, ஷாடோ டீச்சர் விஷயம். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. இவனுக்குத் தேவையா என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மணியையும் மைக்கையும் சரி செய்து பார்க்காமலே கடன் வாங்கி ஆள் வைப்பதில் அர்த்தமில்லை. ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதாக முடிவு.

நான்காவதுதான் கஷ்டமாக இருந்தது: மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும். டாக்டர் சீட்டு மட்டும்தான் இருந்தது, அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அப்பாவுக்கு விருப்பமில்லை. "கார்டு வந்துட்டா அவன் வாழ்க்கை முழுக்க அதுதான் பேரு" என்றார். நான் அதற்கு எதிராக வாதம் செய்யவில்லை, என் வீட்டிலும் அதே பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டை மட்டும் எடுத்துச் சொன்னேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் உதவும், சான்றிதழ் இல்லாமல் அதில் சேர முடியாது. தெரபிக்கு அவர்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தார். நவம்பரில் அவரே லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் சந்திப்பு: என் தவறு

செப்டம்பர் கடைசியில் பிரின்சிபாலைப் பார்க்க நேரம் கிடைத்தது. தாளாளரும் வந்து உட்கார்ந்தார். பார்த்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது, பதற்றத்தில் நானே பேச ஆரம்பித்துவிட்டேன். பிரிவு 16, நியாயமான ஏற்பாடு, வெளியேற்ற முடியாது என்று பத்து நிமிஷம். தாளாளர் முகம் இறுகிப்போனது. "நீங்க யாரும்மா? பேரண்ட் இவங்கதானே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பையனைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்த அறையில் பேசப்படவில்லை. காலண்டர் தாள்கள் அவள் மடியிலேயே இருந்தன. வெளியே வந்ததும், "நான் ஒண்ணுமே சொல்லலையே அக்கா" என்றாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் பள்ளி அடுத்த நேரமே தரவில்லை. மூன்று வாரம் பதினொன்றரைக்கே வீடு. அந்த நாட்கள் என் கணக்கில்தான் சேரும்.

கடிதமும் இரண்டாவது சந்திப்பும்

அந்த இடைவெளியில் கடிதம் எழுதினோம். தமிழில், ஒரே பக்கம், சட்டப் பிரிவு ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி வரியில். மேலே எல்லாம் பையன்தான். ஐந்து கோரிக்கை: வாசல் பெஞ்சிலிருந்து உள்பக்கச் சுவரோரம், முன்வரிசைக்கு மாற்றுவது, பெல் அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் தண்ணீர் குடிக்க வராண்டாவின் அந்தக் கோடிக்கு அனுப்புவது, திங்கட்கிழமை பிரேயர் முடியும்வரை வகுப்பிலேயே இருக்க விடுவது, வியாழக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேறு ஏற்பாடு, நேரமோ இடமோ மாறினால் முதல் நாளே அம்மாவுக்குச் சொல்வது. அப்புறம் படிப்படியாக முழுநாள் ஆக்குவதற்குத் தேதிகள். எதற்கும் பள்ளி பணம் செலவழிக்கத் தேவையில்லை, அப்படித்தான் பார்த்துப் பார்த்து எழுதினோம்.

ஆபீஸில் கொடுத்தபோது நகலில் சீல் போட்டுத் தர மறுத்தார்கள். அதனால் அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். நாலாம் நாள் அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, அதற்கு அடுத்த வாரம் பள்ளியே கூப்பிட்டது. எந்தப் பெற்றோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

அக்டோபர் நடுவில் இரண்டாவது சந்திப்பு. அவளே பேசினாள், நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். முந்தின நாள் இரவு எங்கள் வீட்டில் இரண்டு தடவை பேசிப் பார்த்திருந்தாள். முதல் வாக்கியம் "மிஸ், இவனால உங்களுக்குச் சிரமம்னு எனக்குத் தெரியும்." டப்பாவைத் திறந்து திங்கள் தாள்களை ஒரு அடுக்காகவும் வியாழன் தாள்களை ஒரு அடுக்காகவும் மேசையில் வைத்தாள். வகுப்பு டீச்சர் ஒரு தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா மேடம், தர்ஸ்டே கம்ப்யூட்டர் கிளாஸ் முடிஞ்சு வந்தா அன்னிக்கு முழுக்க அப்படித்தான் இருப்பான்" என்று பிரின்சிபாலைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரலைம்மா" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும், அவர் 42 பேரை வைத்துக்கொண்டிருந்தார். உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு, தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. இந்தப் பள்ளியில் ஒருவர்கூட இல்லை. அந்த டீச்சரை எதிரியாக்கிக்கொள்ளாமல் இருந்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

ஐந்தில் நான்கு கிடைத்தது. கம்ப்யூட்டர் வகுப்புக்கு மட்டும் முடியாது, அவனைத் தனியாக விட்டுவைக்க ஆளில்லை என்றார்கள். அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து 12.30 வரை, தீபாவளி முடிந்து 2 மணி வரை, பொங்கல் முடிந்து முழுநாள் 3.30 வரை என்று பேச்சு. ஷாடோ டீச்சர் பேச்சை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். நான் எடுத்த குறிப்பை அன்று மாலையே அவள் பெயரில் டைப் செய்து, "இன்று பேசியது இவை" என்று பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

பெல் நேரத்துக்கு அவனைக் கூட்டிப்போவது ஆயா அக்கா. இரண்டு நாளில் அவருக்குப் பழகிவிட்டது. நாலாவது நாளில் அவனே 10.49-க்கு எழுந்து நின்று அவரைத் தேட ஆரம்பித்துவிட்டான். அந்த மாதம் திங்கட்கிழமை ஒரு போன்கூட வரவில்லை. நவம்பர் கடைசிவரைக்கும் மொத்தமே நான்கு, நான்கும் வியாழக்கிழமை.

டிசம்பரில் சறுக்கியது

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அவர்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். பள்ளி ஒரு வாரம் மூடிக்கிடந்தது. திறந்ததும் அரையாண்டுத் தேர்வு, அதற்காக உட்காரும் இடத்தையெல்லாம் கலைத்துப் போட்டிருந்தார்கள், அதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் சுவரோர இடத்தில் வேறொரு பையன். முதல் தேர்வு அன்றைக்கே அந்தப் பையனின் முன்கையில் கடித்துவிட்டான், பல் தடம் பதியும் அளவுக்கு.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு நூறு மெசேஜ். "ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பட்டும்", "எங்க பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு" என்றெல்லாம். அவள் குழுவில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. மறுநாள் காலை கடிபட்ட பையன் வீட்டுக்குப் புருஷனோடு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏன் அப்படி நடந்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குடும்பம் அப்புறம் புகார் எதுவும் கொடுக்கவில்லை. இது என் யோசனை இல்லை, அவளுடையது. காயம்பட்டது அவர்கள் பிள்ளை, முதல் வார்த்தை அவர்களிடம்தான் பேசியாக வேண்டும், இது எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளி மறுபடியும் பதினொன்றரைக்குப் போனது. அதே டைப் அடித்த தாள் மறுபடி வந்தது.

இந்த முறை மனு எழுதினோம். மாவட்டக் கல்வி அலுவலருக்கு, தனியார் பள்ளிகளைப் பார்ப்பவருக்கு. நகல் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு. முதல் கடிதம், ஒப்புகை அட்டை, அக்டோபர் மின்னஞ்சல், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டான் என்ற பட்டியல், டிசம்பர் முதல் வாரத்தில் கைக்கு வந்த சான்றிதழின் நகல் எல்லாம் இணைத்தோம். கடித்ததை மறைக்கவில்லை. அன்றைக்கு இடம் மாற்றப்பட்டதையும், மாற்றினால் சொல்வதாகப் பள்ளி ஒப்புக்கொண்டிருந்ததையும் பக்கத்திலேயே எழுதினோம். அனுப்புவதற்கு முந்தின நாள் பிரின்சிபாலிடம் அவளே போய், "நாளைக்கு இதை அனுப்பறோம் மேடம்" என்று ஒரு நகலைக் கொடுத்தாள். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தோம்.

முடிந்த விதம்

ஜனவரி இரண்டாம் வாரத்தில் பள்ளியிலிருந்து முதல் தடவையாக எழுத்தில் ஒரு பதில் வந்தது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு 2 மணி வரை, பிப்ரவரியிலிருந்து முழுநாள், ஷாடோ டீச்சர் கட்டாயமில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குப் போன் போனதா, சான்றிதழைப் பார்த்தார்களா, கடிபட்ட பையனின் பெற்றோர் ஏதாவது நல்லது சொன்னார்களா, எது பலித்தது என்று அறுதியிட்டு என்னால் சொல்ல முடியாது. அந்த வகுப்பு டீச்சர் பரிந்து பேசியிருப்பார் என்பது அவள் நம்பிக்கை.

பிப்ரவரி 5-ஆம் தேதி அவன் 3.30 வரை பள்ளியில் இருந்தான். அன்று அவள் மூன்று பிளவுஸ் முடித்ததாகச் சொன்னாள். முழு ஆண்டுத் தேர்வைத் தன் இடத்திலேயே உட்கார்ந்து எழுதினான், கணக்கில் 91, தமிழில் 58.

ஜூனில் நான்காம் வகுப்பு, புது டீச்சர். பழைய டீச்சர் ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை, பள்ளியில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. முதல் திங்கட்கிழமையே மைதானத்தில் நிறுத்திவிட்டார்கள், போன் வந்தது. மறுநாள் பழைய கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனாள், இரண்டு நாளில் சரியானது.

மாற்றிச் செய்ய நினைப்பவை

முதல் சந்திப்பில் நான் வாயைத் திறக்கக் கூடாது. துணைக்குப் போகிறவர் பேசினால் பள்ளி அவருக்குத்தான் பதில் சொல்லும், பெற்றோர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். இப்போது எந்தச் சந்திப்புக்குப் போனாலும் பெற்றோரை முந்தின நாள் பேசவைத்துப் பார்க்காமல் போவதில்லை.

சான்றிதழுக்கு முதல் நாளே அப்பாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய ஷிப்டுக்குத் தோதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வீட்டில் சொல்லச் சொல்வது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அந்தப் பேச்சின் பாரமும் அவள் தலையில்தான் விழுகிறது.

விடுமுறை, தேர்வு, மழை, இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு கடிதத்தில் இருந்திருக்க வேண்டும். சென்னையில் ஒவ்வொரு வருஷமும் நவம்பர், டிசம்பரில் பள்ளி மூடுவது தெரிந்த கதை. அதை நாங்கள் யோசிக்காததற்கு இன்னொரு பிள்ளையின் கை விலை கொடுத்தது. இனிமேல் எழுதும் கடிதங்களில், மூன்று நாளுக்கு மேல் பள்ளி மூடினால் திறக்கும் முதல் நாள் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

ஏப்ரலிலேயே, பழைய டீச்சர் கையாலேயே புது டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. நான்காம் வகுப்பிலும் இரண்டு செக்‌ஷனும் ஒன்றாகத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போகின்றன. அதற்கான கடிதம் இந்த வாரம் போகிறது. வரைவை அவளே எழுதி அனுப்பினாள், நான் இரண்டு இடத்தில் தேதி மட்டும் சேர்த்தேன்.